கேட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென ஒரு நாள் வைப்பது கடமையா, வெறும் சடங்கா என்பது தலைப்பு. கடமைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "வருஷத்துக்கு ஒருநாள் வாசல்ல நிக்கிற செக்யூரிட்டிக்கு சல்யூட் அடிச்சா அவர் சம்பளம் கூடிடுமா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி தம்பி, இன்று என் நேரமெல்லாம் உங்கள் கேள்விக்குத்தான்.

நான் வேலை பார்ப்பது ஒரு வங்கிக் கிளையில். வாசலில் காவலுக்கு நிற்பவர் ராணுவத்திலிருந்து வந்தவர். இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருக்கும். ஏதோ மெஷினில் மாட்டியது என்று கிளையில் ஒரு பேச்சு. ஒரு ஜூலை 26, கார்கில் வெற்றி நாள். புதிதாக வந்திருந்த மேனேஜர் அம்மா கவுண்டர் திறப்பதற்கு முன்னால் எங்களையெல்லாம் கூட்டி, "இன்னைக்கு நீங்க பேசுங்க" என்று அவரைக் கூப்பிட்டார். அவர் என்ன கேட்டார் தெரியுமா? "மேடம், நான் உள்ளே வந்துட்டா கேட்டை யார் பாத்துக்குவாங்க?"

சால்வை தயாராக இருக்கிறது, மாலை தயாராக இருக்கிறது, மனிதருக்குக் கேட்டைப் பற்றித்தான் கவலை! "நான் நிக்கிறேன், நீங்க போய்ப் பேசுங்க" என்று மேனேஜரே வாசலுக்குப் போய்விட்டார்.

போனாரா? முதலில் ஒரு பெரியவர் வந்தார். "அவர் எங்கம்மா? சரி, இந்தச் சலானை நீயே எழுதிக் குடு, எப்பவும் அவர்தான் எழுதுவார்." எழுதிக் கொடுத்தார். அடுத்து பென்ஷன் வாங்க வந்த பாட்டி, ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டினார். படியேற்றிவிட வேண்டுமாம். ஏற்றிவிட்டார். அப்புறம் ஒருவர், "பாஸ்புக் மெஷின் ஓடுதா?" மேனேஜருக்கே தெரியவில்லை! கடைசியாக வந்தவர்தான் பெரிய ஆள். "வண்டியைக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். சிரிக்கிறீர்கள், இன்னொரு தடவை சொல்கிறேன். லட்சம் லட்சமாகக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிற மேனேஜர், ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் நிற்கிறார்!

தம்பி, அவருக்குச் சம்பளம் கூடவில்லை. ஆனால் மறுநாளே வாசலுக்கு ஒரு நாற்காலி வந்தது, மின்விசிறி வந்தது. "செக்யூரிட்டி" என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் "அண்ணே" என்றன. பத்து நிமிஷம் அவர் இடத்தில் நின்று பார்த்ததால் வந்தது அது.

கொடிநாளே போதும் என்றும் தம்பி சொன்னார். 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். உண்டியல் வருகிறது, காசு போடுகிறோம், காகிதக் கொடியைக் குத்திக்கொள்கிறோம். அந்தப் பணம் வீரர்களின் குடும்பங்களுக்குப் போகிறது, நல்லது. காசு போட்ட கையோடு அந்த வீரரிடம் நாலு வார்த்தை பேசலாமே என்றுதான் கேட்கிறேன். நம் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா ஓய்வுபெற்ற 1953 ஜனவரி 14-ஐ நினைத்து முன்னாள் படைவீரர் நாள் என்றே ஒன்று உண்டு. நமக்கு அன்று போகியோ பொங்கலோ, அலுவலகத்தில் பாதிப் பேர் இருக்க மாட்டோம். அதனால் டிசம்பர் 7-ஐ அலுவலகத்துக்குள் கொண்டுவாருங்கள்.

திருச்சி மேஜர் சரவணன் 1999 கார்கில் போரில், படாலிக்கில் உயிர் கொடுத்தார். ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி 2020-இல் சீன எல்லையில், கல்வானில். இந்தப் பெயர்கள் நமக்குத் தெரியும், தெரிய வேண்டும். திரும்பி வந்தவர்கள்? சிப்பாய்களில் பலர் நாற்பது வயதுக்குள் ஓய்வுபெற்று வந்துவிடுகிறார்கள். மீதி வாழ்க்கையை நம் வங்கியிலும் ஏ.டி.எம். வாசலிலும்தானே கழிக்கிறார்கள்? அவர்களை அலுவலகத்தில் போற்றாமல் வேறு எங்கே போற்றுவது?

அன்று உள்ளே எங்கள் காவலர் என்ன பேசினார் என்று நீங்கள் கேட்கவில்லையே. சியாச்சின் பனியில் விரல் கருகியதைச் சொன்னார். "விரல் போனது பெரிசில்லைங்க. கூட இருந்தவன், எங்க பக்கத்து ஊர்ப் பையன், அங்கேயே போயிட்டான். அவங்க அம்மா வருஷா வருஷம் பொங்கலுக்கு எனக்கு வேட்டி எடுத்துக் குடுக்குறாங்க. மகனுக்கு எடுக்குற மாதிரியே ஓரமெல்லாம் பாத்து எடுப்பாங்க. கட்டிக்கிட்டுப் போய் அவங்க முன்னாடி நிக்கணும், அதுதான் எனக்குக் கஷ்டம்" என்றார்.

அதற்கு முன்னால் அவர் இதை எங்கள் கிளையில் ஒருவரிடமும் சொன்னதில்லை. உட்காரவைத்துக் கேட்டோம், சொன்னார். தம்பி, இதைச் சடங்கு என்று என்னிடம் சொல்லாதீர்கள். முடிந்தால் அந்தத் தாயின் முன்னால் போய்ச் சொல்லுங்கள். தீர்ப்பை உங்களிடம் விட்டுவிடுகிறேன், நடுவர் அவர்களே. வணக்கம்.