மணலில் ஒரு மூடி
(கிளிநொச்சியில் மாணவர்களுக்கு ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

வணக்கம் பிள்ளைகள். பெரியவர்களுக்கும் வணக்கம்.

சுவரில் தொங்கும் கலண்டருக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பக்கவாட்டில் ஓடி மறைந்துவிடும். புலிமுகச் சிலந்தி என்று பயப்பட வேண்டாம், அது வேறு குடும்பம். இது வேட்டைச் சிலந்தி. வலை கட்டி இரைக்குக் காத்திருக்காது, கரப்பொத்தானைப் பாய்ந்து பிடிக்கும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையை வெள்ளைத் தட்டுப்போல வயிற்றுக்கடியில் காவிக்கொண்டு திரியும்.

உடம்பு தட்டை, கால்கள் நண்டுக்கால் போலப் பக்கவாட்டில் விரியும். அதனால் மரப்பட்டையிலும் கிடுகு இடுக்கிலும் இலேசாகப் புகுந்துவிடும். சரி, பட்டையுமில்லை, கிடுகுமில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான் என்றால் எங்கே ஒளிப்பது?

தென்மேற்கு ஆபிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் இதே குடும்பத்துச் சிலந்திகள் மணலைத் தோண்டி வளை அமைக்கின்றன. மணற்பாங்கான காணியில் கிணறு வெட்டியவர்களைக் கேளுங்கள். தோண்டத் தோண்டப் பக்கம் சரியும், அதற்குத்தான் கொங்கிறீற் வளையம் இறக்குகிறோம். சிலந்திக்கு அந்த வளையம் தன் பட்டுநூல். தோண்டத் தோண்டச் சுவரை நூலால் இழைத்துக் கட்டும். வாசலுக்கு நூலும் மணலும் சேர்த்து ஒரு மூடி. அதை மூடிவிட்டால் மேலே நீங்கள் கால் வைத்தாலும் தெரியாது.

குளவிக்கு மட்டும் தெரியும். எங்கள் சுவர்களில் மண்கூடு கட்டும் குளவி சிலந்திகளைக் கொட்டி மயக்கி, குஞ்சுக்குத் தீனியாக உள்ளே அடைக்கிறதல்லவா? நமீப்பிலும் சிலந்தி பிடிக்கும் குளவிகள் உண்டு. அவை வளையையே கிண்டி எடுத்துவிடும். அகப்பட்ட பொன்னிறச் சிலந்தி ஒன்று கால்களை மடக்கிக்கொண்டு மணற்சரிவில் சில்லுப்போல உருண்டு தப்பும். நொடிக்கு 44 சுற்று வரை போகுமாம்! ஆனால் சரிவு இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும்.

மொரோக்கோவின் எர்க் செப்பி மணற்குன்றுகளில் வாழ்வது அதைவிடக் கெட்டிக்காரச் சிலந்தி. சமதரையிலும் மேட்டிலும்கூடக் கரணம் அடித்து ஓடும். சாதாரண ஓட்டம் நொடிக்கு ஏறக்குறைய 1 மீற்றர், கரணம் போட்டால் 2. பேர்லின் பேராசிரியர் இங்கோ ரெகன்பேர்க் அதைக் கண்டுபிடித்து, அதன் நடையைப் பார்த்து ஒரு ரோபோவும் செய்தார். 2014இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். கரணம் மிகுந்த களைப்பைத் தரும். அதனால் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அடிக்கும்.

எனக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை. நமீப்பின் வெள்ளைச் சிலந்தியில், ஆண் இரவில் பெண்ணைத் தேடிப் பல பத்து மீற்றர் தூரம் அலையும். அப்புறம் நிலவில்லாத இருட்டிலும் தன் வளைக்கே திரும்பி வரும். கண்களை மறைத்து விட்டுப் பார்த்தார்கள், வழி தவறிவிட்டது. அந்த இருட்டில் கண்ணால் பார்த்துத்தான் வந்திருக்கிறது! எங்களுக்கென்றால் கரண்ட் போனால் சொந்த விறாந்தையிலேயே முழங்கால் அடிபடும்.

முன்வரிசைத் தம்பி அப்போதிருந்தே கையை உயர்த்திக்கொண்டிருக்கிறார். கேளுங்கோ தம்பி.