கரடி இல்லாமல் பூஜை இல்லை

எல்லோருக்கும் வணக்கம். என்னை அறிமுகப்படுத்திய நண்பர், "ஜெர்மனியில் ஏழு வருஷம் இருந்தார், அதில் ஆறு அக்டோபரைப் பொம்மைக் கடையில் கழித்தார்" என்றார். கணக்கு சரி. பொம்மைக் கடை என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எஸ்ஸென் என்று ஓர் ஊர். நிலக்கரி தோண்டிப் பெருத்த ஊர். கடைசிச் சுரங்கத்தை 1986-இல் மூடிவிட்டார்கள். அங்கே ஒவ்வோர் அக்டோபரிலும் வியாழன் முதல் ஞாயிறு வரை 'ஷ்பீல்' என்று போர்டு கேம்களுக்காக ஒரு சந்தை கூடும். ஷ்பீல் என்றால் விளையாட்டு, அவ்வளவுதான். 1983-இல் ஒரு பத்திரிகையின் வாசகர் சந்திப்பாக ஆரம்பித்தது. 2019-இல் நான்கு நாளில் 2,09,000 பேர் வந்தார்கள். போர்டு கேம் என்றதும் பரமபதம், கேரம் என்று நினைத்துவிடாதீர்கள். ரயில் பாதை போடுவது, கடன் வாங்குவது, அடுத்தவன் கோதுமையை மடக்குவது என்று இரண்டு மணி நேரம் மூளையைப் பிழிகிற சமாசாரம்.

2015-இல் முதல் தடவை போனபோது நானும் வாங்கத்தான் போனேன். காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கும். பெட்டியின் படம் அழகாக இருந்ததை நம்பி ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் நூறு சீட்டிலும் பொடி எழுத்தில் ஜெர்மன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஜெர்மன் ரொட்டிக் கடையைத் தாண்டாது. அது இன்னும் பரணில் இருக்கிறது.

வாங்குவதற்காக என்றால் அதோடு நின்றிருக்க வேண்டும். எல்லாம் இணையத்திலேயே கிடைக்கிறது, பல சமயம் விலையும் குறைவு. பிறகு ஏன் போனேன்? அங்கே இருக்கும் ஒரு கரடிக்காக.

சிரிக்காதீர்கள். ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்தில், நிறுவனத்தின் பனியன் போட்டுக்கொண்டு, விதிகளைச் சொல்லித்தர ஒருவர் நிற்பார். அவரை 'எர்க்லேர்பேர்' என்பார்கள், விளக்கும் கரடி. நம்மூரில் கரடி சிவபூஜையைக் கெடுக்க வரும். அங்கே கரடி வராமல் பூஜையே தொடங்காது. காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, ஒரே விளையாட்டை ஒரு நாளில் இருபது தடவை விளக்கித் தொண்டை கட்டிப்போயிருக்கும். ஆனாலும் மூன்று பேர் உட்கார்ந்து நான்காவது நாற்காலி காலியாக இருந்தால் அந்தக் கரடி சும்மா விடாது. போகிற வருகிறவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடும். அப்படிக் கூப்பிடப்பட்டு உட்கார்ந்தவன் நான்.

அந்த மேசையில் ஐம்பது வயதிருக்கும் பள்ளி ஆசிரியை ஒருவர், அவருடைய அண்ணன், பேசாத ஓர் இளைஞன். ஊர், வேலை, சம்பளம் எதையும் யாரும் விசாரிக்கவில்லை. "எந்த நிறம்?" என்று மட்டும் கேட்டார்கள். மஞ்சள் என்றேன். நாற்பது நிமிஷத்தில் என்னைப் பற்றித் தெரிய வேண்டியது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது: அவசரப்பட்டுக் கடன் வாங்குவேன், தோற்கப்போவது உறுதியானாலும் எழுந்து போக மாட்டேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருடன் ஏழு வருஷம் காபி குடித்தேன். அவருக்கு இது தெரியாது.

அடுத்த வருஷம் அதே மண்டபத்தில் அந்த ஆசிரியையே என்னை அடையாளம் கண்டு, "கடன்காரர் வந்துவிட்டார்" என்று அண்ணனிடம் சொன்னார். தடவைக்குத் தடவை போவதன் ருசி எனக்கு அங்கேதான் பிடிபட்டது. முதல் வருஷம் வேடிக்கை பார்க்க வந்தவன் நான். இரண்டாம் வருஷம், 'இவன் வரவில்லையே' என்று நினைக்க அந்த ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். உறவும் இல்லை, நட்பு என்று சொல்லவும் கொஞ்சம் அதிகம். அவருடைய பெயர்கூட மூன்றாவது வருஷம்தான் தெரிந்தது.

கஷ்டம் இல்லாமல் இல்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் காலை நகர்த்த முடியாது. நல்ல மேசைக்கு ஒரு மணி நேரம் காத்து நிற்க வேண்டும். திங்கட்கிழமை பாதிப் பேருக்குச் சளி பிடித்திருக்கும். நாலு வருஷம் எனக்கும் சளி பிடித்தது.

2020-இல் கொரோனா. சந்தையை முழுக்க இணையத்தில் நடத்தினார்கள். விளையாட்டுகள் எல்லாம் திரையில் இருந்தன, விளக்கக் காணொளிகள்கூட அருமை. நானும் அரை மணி நேரம் பார்த்தேன், அப்புறம் மூடிவிட்டுத் துணி மடிக்கப் போனேன். அந்தக் கரடியை யார் வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அது யாரையும் கூப்பிடவில்லை.

2021-இல் மறுபடி திறந்தார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். கூட்டம் பழையபடி இல்லை, எங்கே பார்த்தாலும் கண்கள் மட்டும். வழக்கமான மண்டபத்தில் ஒரு மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்தானா என்று சந்தேகம். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். கரடி இன்னும் வாயைத் திறக்கவில்லை. எதிரே இருந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் மஞ்சள் காய்களைப் பொறுக்கி என் பக்கம் தள்ளினார்.