கட்டி என்றால் எந்தக் கட்டி?

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள் நான். உடம்பில் எது முளைத்தாலும் இப்போது எல்லாரும் சொல்வது ஒரே சொல்: கட்டி. சொல்லிவிட்டு அவர்களே பயந்தும் போகிறார்கள்.

ஒருநாள் புறநோயாளி வரிசையில் ஒரு பையன், தொடை இடுக்கில் கட்டி என்று முகம் வெளிறி நின்றான். பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டி கேட்டார்: "கட்டி இல்லப்பா, நெறி கட்டியிருக்கும். கால்ல முள்ளு ஏதும் குத்திச்சா?" செருப்பைக் கழற்றச் சொன்னோம். குதிகாலில் முள் தைத்துச் சீழ் பிடித்திருந்தது. காலில் புண் வந்தால் அங்கிருந்து ஏறும் கிருமிகளை மறிப்பது தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர் முடிச்சு. வேலை கூடினால் அது வீங்கி வலிக்கும். கையில் புண் என்றால் அக்குள். நெறி என்று சொன்னாலே, புண் வேறெங்கோ இருக்கிறது, போய்த் தேடு என்றுதான் பொருள். கட்டி என்ற சொல் அந்த வழியைக் காட்டாது.

கழுத்தில் இப்படி வரிசையாக, அவ்வளவாக வலியும் இல்லாமல் வந்தால் அதற்குக் கண்டமாலை என்று பெயர். கண்டம் என்றால் கழுத்து. மாலை போட்டதுபோல முடிச்சு முடிச்சாக இருக்கும். பெரும்பாலும் காசநோய்தான் காரணம். இருமலே இல்லாமல்கூடக் காசநோய் வரும் என்று நான் தொண்டை வற்ற விளக்குவதை அந்தக் காலத்துக் கிழவிகள் இந்த ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். தோலுக்கடியில் தொட்டால் நழுவுவது கழலை. அந்தச் சொல்லைக் கேட்டாலே விரலுக்கடியில் அது கழன்று ஓடுவதுபோல எனக்குத் தோன்றும்.

அப்புறம் இந்தப் பரு, மரு, மறு. பரு இளவயதில் வரும், போகும். மரு வைரஸால் வருவது; சவரக் கத்தி பட்டால் பக்கத்திலும் பரவும். மறு என்பது தோலில் இருக்கும் கறை, நிலாவில் தெரிகிறதே அதுபோல. 'மறுவுண்டோ மாதர் முகத்து' என்று வள்ளுவர் கேட்டது இதைத்தான். அங்கே வல்லின றகரத்தை இடையினமாக மாற்றிப் படித்தால் காதலன் தோல் மருத்துவராகிவிடுவான்!

மருவைப் பாலுண்ணி என்றும் சொல்வார்கள். மாடு வைத்திருப்பவர்களுக்கு உண்ணி தெரியும். இரத்தம் குடித்து உப்பிப்போய் மாட்டின் காதோரம் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்க இரண்டும் ஒரே சாயல்தான். குதிரை முடியால் இறுக்கிக் கட்டினால் விழுந்துவிடும் என்பார்கள். கட்டிச் சீழ்பிடித்து வந்தவர்களுக்கு மருந்து போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன், வேண்டாம்.

ராஜபிளவையில் ராஜ மரியாதை ஒன்றும் இல்லை. முதுகிலோ பிடரியிலோ பல கண் வைத்துச் சீழ் வடியும். வந்தால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

அம்மையைக் கொப்புளம் என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் வாயைப் பொத்துவார்கள். முத்து போட்டிருக்கிறது, முத்து இறங்குகிறது என்றுதான் சொல்ல வேண்டும். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. முத்து என்ற சொல் சின்னம்மையோடு இன்னும் இருக்கிறது.

மனிதர்களை விடுங்கள், மரத்துக்கும் கட்டி வரும். நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் வாங்கியிருப்பீர்கள். பெயரில்தான் காய். மேற்காசியாவில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் கிளையில் சின்னக் குளவி ஒன்று முட்டை வைக்கும். அதைச் சுற்றி மரம் வீங்கி உருண்டையாகும். அதற்குள்ளேயே புழு வளர்ந்து, குளவியாகி, துளைபோட்டு வெளியே வரும். அந்த வீக்கத்தைத்தான் உரைகல்லில் இழைத்து நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் புகட்டினார்கள். கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது வேறு பேச்சு. ஆனால் என் அம்மா கடையில் நின்று ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். ஓட்டை விழுந்ததை ஒதுக்கிவிட்டு, கனமானதாகப் பொறுக்குவார். குளவி வெளியேறிய ஓட்டை அது என்று அவருக்குத் தெரியாது. ஓட்டை விழுந்ததில் சத்து இல்லை என்பது மட்டும் தெரியும்.