பாட்டிலின் பின்பக்கம்

ஐரோப்பிய ஒன்றியம் தன் அண்டை நாடுகளை எப்படி நடத்துகிறது என்று பேசக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தங்களின் பெயரை அடுக்கினால் இரண்டாவது நிமிடமே நீங்கள் போனை எடுத்துவிடுவீர்கள், அதனால் எண்ணெயிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆலிவ் எண்ணெய் பாட்டில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் இத்தாலியப் பெயர் இருக்கும். பின்பக்கம் திருப்பினால், பல பாட்டில்களில் பொடி எழுத்தில், ஒன்றியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் விளைந்த எண்ணெய்களின் கலவை என்று போட்டிருக்கும். அந்த 'வெளியே' பல சமயம் வட ஆப்பிரிக்க நாடான துனிசியாதான். அங்கிருந்து பெரும்பாலும் மொத்த எண்ணெயாகப் போகிறது, இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கலந்து அடைத்து லேபிள் ஒட்டுகிறார்கள், காசு லேபிள் ஒட்டியவர் பக்கம் நின்றுவிடுகிறது.

ஏன் இப்படி? 1995-இல் துனிசியா ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு ஒன்றியமும் மத்தியதரைக் கடல் நாடுகளும் பார்சிலோனாவில் கூடி, 2010-க்குள் மத்தியதரைக் கடல் முழுக்கத் தடையற்ற வணிகம் என்றார்கள். தொழிற்சாலைப் பொருள்களுக்குத் துனிசியா தன் வரியைப் படிப்படியாக எடுத்தும்விட்டது. ஆனால் விவசாயம் என்று வந்ததும் பேச்சு மாறியது. ஆலிவ் எண்ணெய்க்கு ஆண்டுக்கு 56,700 டன் வரை வரி இல்லை, அதைத் தாண்டினால் டன்னுக்கு 1,200 யூரோவுக்கு மேல். அவர்கள் இயந்திரத்தில் பலசாலி, அதில் கதவு திறந்தாயிற்று. இவர்கள் எண்ணெயில் பலசாலி, அதில் மட்டும் கொஞ்சம் பொறு என்கிறார்கள்.

2015 ஜூனில் துனிசியாவின் சூஸ் கடற்கரையில் 38 பேர் சுட்டுக்கொல்லப்பட்டு, சுற்றுலா படுத்துவிட்டது. உதவுகிறோம் என்று வந்தவர்கள் கொடுத்தது, 2016, 2017 இரண்டு ஆண்டுகளுக்கும் ஆண்டுக்குக் கூடுதலாக 35,000 டன் வரியில்லா எண்ணெய். அதற்கே இத்தாலிய விவசாயிகள் கொதித்தார்கள். (அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அவர்களும் தோப்பை நம்பிப் பிழைப்பவர்கள்தானே.)

ஒன்றியத்துக்கு அண்டை வீட்டாரை மாற்றத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. 2004-இல் சேர்ந்த 10 நாடுகளில் 8 முன்பு கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்தவை. உறுப்பினர் ஆகலாம் என்ற ஆசையில் சட்டம், நீதிமன்றம் எல்லாவற்றையும் திருத்தி எழுதின. தெற்கே அந்த ஆசைக்கே இடமில்லை. மொராக்கோ 1987-இல் விண்ணப்பித்தது, நீங்கள் ஐரோப்பிய நாடு இல்லையே என்று சொல்லிவிட்டார்கள். 2002-இல் ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையத்துக்குத் தலைவராக இருந்த ரொமானோ ப்ரோடி, அண்டை நாடுகளோடு எல்லாவற்றையும் பகிரலாம், ஒன்றியத்தை நடத்தும் அமைப்புகளைத் தவிர என்றார். அதாவது சாப்பிட வரலாம், சமையலறைக்குள் வரக்கூடாது!

அப்புறம், ஐரோப்பாவுக்குப் பிழைக்கப் போகிறவர்கள் ஏறும் படகுகள். லம்பெடூசா இத்தாலித் தீவு, ஆனால் சிசிலியைவிடத் துனிசியாவுக்குத்தான் பக்கம். 2023 ஜூலையில் ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயனும் இத்தாலியப் பிரதமர் மெலோனியும் அப்போதைய டச்சுப் பிரதமர் ரூட்டேயும் துனிசியத் தலைநகர் துனிசுக்கே போய் ஓர் உடன்பாடு முடித்தார்கள், படகுகளைத் தடுக்க 10.5 கோடி யூரோ என்று அறிவித்தார்கள். எண்ணெய்க்கு இருபது வருஷமாக இழுத்தவர்கள் இதற்கு எவ்வளவு வேகம் பாருங்கள். நாடாளுமன்றத்தைக் கலைத்து எதிர்க்கட்சிக்காரர்களைச் சிறையில் வைத்திருந்த துனிசிய அதிபர் கைஸ் சயீதோடுதான் கைகுலுக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அந்த சயீதே, எங்களுக்குப் பிச்சை வேண்டாம் என்று 6 கோடி யூரோவைத் திருப்பி அனுப்பினார்.