1000 பிள்ளையளில 4 பேரோ, 127 பேரோ? ரெண்டு கணக்கும் ஏன் சரி?

[திரையில்: 4 | 127]

வணக்கம். ஆயிரம் பிள்ளையளில எத்தினை பேர் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளாகினம்? ஒரு கணக்கு 4 எண்டுது. மற்றது 127 எண்டுது. ரெண்டும் ஒரே ஆய்வில வந்தது, ரெண்டும் பொய்யில்லை.

2011இல வந்த ஆய்வு அது. 1980 தொடக்கம் 2008 வரை பல நாடுகளில வெளிவந்த 217 வெளியீடுகளை ஒண்டாச் சேர்த்துப் பார்த்தவை. பிள்ளையளோட வேலை செய்யிற ஆக்களிட்ட "உங்களுக்குத் தெரிஞ்சு எத்தினை?" எண்டு எடுத்த கணக்குத்தான் 4. "உங்களுக்கு நடந்ததோ?" எண்டு ஆளிட்டயே நேர கேட்டது 127. முப்பது மடங்கு! பொலிஸ் முறைப்பாட்டை எண்ணிப்போட்டு "எங்கட யாழ்ப்பாணத்தில இதெல்லாம் குறைவு" எண்டுறது, காலமை அள்ளின வாளித் தண்ணியை அளந்து, கிணத்தில இவ்வளவுதான் கிடக்கு எண்டுற மாதிரி.

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம்: ஆளிட்ட நேர கேட்டாலும், கேக்கிற விதத்தில பதில் மாறும். "நீங்கள் வன்புணர்வுக்கு ஆளானீங்களோ?" எண்டு கேளுங்கோ, "இல்லை" எண்டுவினம். "நீங்கள் விரும்பாமல் ஆராவது உங்களைத் தொட்டதோ, தங்களைத் தொடச் சொன்னதோ?" எண்டு செயலைச் சொல்லிக் கேளுங்கோ, அதே ஆள் "ஓம்" எண்டும். ஏன்? இருட்டு, கத்தி, முன்பின் தெரியாதவன் இருந்தாத்தான் அது குற்றம் எண்டு எல்லாற்ற மண்டையிலயும் ஏறியிருக்கு. செய்யிறது பெரும்பாலும் தெரிஞ்ச ஆள்: சொந்தக்காரர், அயலவர், ரியூசன் மாஸ்டர். பயத்தில உடம்பு விறைச்சு, கத்தாமல் நிண்ட பிள்ளை "நான் மறுக்கேல்லையே" எண்டு தன்னையே குற்றம் சொல்லும். இன்னொண்டு, ஆர் பக்கத்தில இருக்கினம் எண்டது. பக்கத்து அறையில மாமி ஒருக்கா இருமினாலே பதில் மாறிப்போகும்!

2024இல யுனிசெப் சொன்ன உலகக் கணக்கு: 18 வயசுக்கு முன்னம் வன்புணர்வு அல்லது பாலியல் தாக்குதலுக்கு ஆளானது பெண்களில 8 பேருக்கு ஒராள், ஆண்களில கிட்டத்தட்ட 11 பேருக்கு ஒராள். "அவன் பெடியன்தானே" எண்டு விடுற பெற்றோர் இந்த 11ஐ ஒருக்காப் பாருங்கோ.

[திரையில்: 1929]

பிள்ளை வந்து சொன்னா? "பிறகு என்ன நடந்தது?" அவ்வளவுதான் கேள்வி. "இதிலயோ தொட்டவர்?" எண்டு நீங்களே காட்டினா பிள்ளை தலையாட்டும், பிறகு கோட்டில அது சொல்லிக்குடுத்த கதை எண்டு ஆகிடும். அம்மம்மாவுக்கு ஒருக்கா, சித்திக்கு ஒருக்கா எண்டு சொல்ல வைக்காதேங்கோ. பிள்ளை சொன்னதை அதே சொல்லில, திகதி நேரத்தோட எழுதி வையுங்கோ. 1929க்கு எடுங்கோ. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர இலக்கம், 24 மணித்தியாலமும் இருக்கு.

நடந்து கனநேரம் ஆகேல்லை எண்டா குளிக்க வாக்காதேங்கோ, உடுப்பைத் தோய்க்காதேங்கோ. ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனிப் பேப்பர் பையில போடுங்கோ. பொலித்தீன் வேண்டவே வேண்டாம், ஈரம் நிண்டு பூஞ்சணம் பிடிச்சா டீஎன்ஏ கெட்டுப்போகும். உடன போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கோ, சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கவேணும். சோதனையில காயம் இல்லை எண்டு வந்தா "ஒண்டும் நடக்கேல்லை" எண்டு முடிவெடுக்காதேங்கோ, பெரும்பாலான பிள்ளையளில காயம் தெரியிறதேயில்லை.

கேள்வி இருந்தாக் கீழ எழுதுங்கோ. ஆனா பிள்ளையின்ர பேர், பள்ளிக்கூடம், ஊர் ஒண்டும் போடாதேங்கோ, போட்டா உடன அழிச்சுப்போடுவம்.