வாஷிங் மெஷினுக்கு ஒரு ஜோடி செருப்பு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு மின்சாரப் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு பெரியது. நான் ஒரு ஜோடி ரப்பர் செருப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வயரிங் வேலையில் இருந்த காலத்தில், ஃபேன் சத்தம் போடுகிறது என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். கை கழுவப் போனேன். அங்கே வாஷிங் மெஷின் முன்னால் அந்தச் செருப்பு, மெஷினைப் பார்த்தபடி, குதிகால் தேய்ந்து கிடக்கிறது. யாருடையது என்று கேட்டேன். "அது மெஷினோடதுங்க" என்றார் அந்த அம்மா. தொட்டால் லேசாகச் சுருக்கென்று இழுக்குமாம். அதனால் வீட்டில் யார் துணி போட்டாலும் அதை மாட்டிக்கொண்டுதான் போடுவார்களாம். எத்தனை நாளாக? "ரெண்டு வருஷம் இருக்கும்."

ஃபேனை அப்படியே விட்டுவிட்டேன். மெஷினின் பிளக்கைப் பிரித்தால், பச்சை வயரை நறுக்கி, டேப் சுற்றி, உள்ளே மடக்கி வைத்திருக்கிறது. பச்சைதான் எர்த். மெஷினின் உலோக உடம்புக்குக் கசிந்து வருகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. அந்த வழியை அடைத்தால், கசிந்த கரண்ட் தொடுகிற ஆள் வழியாக இறங்கப் பார்க்கும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செருகும்போது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும், அதற்காகத்தான்.

லேசாகத்தானே அடிக்குது என்பார்கள். இந்த 'லேசாக' என்ற வார்த்தையோடுதான் எனக்கு வாழ்நாள் சண்டை. தரை காய்ந்திருந்தது, செருப்பு இருந்தது, அதனால் லேசு. ஒரு கை மெஷினிலும் இன்னொரு கை ஈரக் குழாயிலும் இருந்தால், காலில் செருப்பு இருந்தும் பயனில்லை.

"அதான் டிரிப்பர் இருக்கே" என்றார் வீட்டுக்காரர். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். அவர் காட்டியது 16 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச். அது வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பது. உங்களைக் காப்பதற்கு அல்ல, வயரைக் காப்பதற்கு. சுமார் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 60 வாட் குண்டு பல்பு ஒன்று 230 வோல்ட்டில் 260 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஒரு ஆளைக் கொல்ல ஒரு பல்பு எரிகிற கரண்ட் கூட வேண்டாம். 16 ஆம்பியர் டிரிப்பருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்கிற இன்னொரு சாதனம். போன கரண்ட் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். எர்த் சரியாக இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே, கசிவு தொடங்கியதுமே விழும். அந்த வீட்டிலும் முன்பு ஒன்று இருந்ததாம்! அடிக்கடி விழுகிறது என்று பைபாஸ் செய்துவிட்டார்களாம். அது ஏன் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதில் 'டி' என்று போட்ட சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். பல வருடம் அசையாமல் இருந்தால் உள்ளே இறுகிவிடும். இத்தனை பேசுகிற நானே என் வீட்டில் ஒருநாள் அழுத்தினேன், விழவில்லை. அன்றைக்கே மாற்றினேன். அழுத்தியும் விழவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். ஒன்று மட்டும்: வயரைச் சுருட்டி வைத்தபடி ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ மாட்டாதீர்கள், சுருளுக்குள் சூடு சேர்ந்து உறை உருகிவிடும். அந்த வீட்டு ஃபேனை மறுநாள் போய்த்தான் சரிசெய்தேன். வணக்கம்.