முட்டைப் பாஸ்தா மாவு: கையால் பிசைந்து விரிக்கும் முறை

[காட்சி: மேடையில் மைதாக் குவியல், பக்கத்தில் எடைத் தராசு]

இத்தாலியின் வடபகுதியில், குறிப்பாகப் போலோஞா நகரைச் சுற்றியுள்ள எமிலியா-ரொமாஞா வட்டாரத்தில், பாஸ்தா மாவுக்குத் தண்ணீர் சேர்ப்பதில்லை; நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பதே அங்கு வழங்கிவரும் கணக்கு. அதைத் தருமபுரியில் அப்படியே பின்பற்றினால் மாவு ஒன்றுசேராமல் உதிரும். நாமக்கல்லிலிருந்து நம் கடைகளுக்கு வரும் முட்டை பெரும்பாலும் ஓட்டுடன் 50 முதல் 55 கிராம்தான் இருக்கும், அதிலும் பத்தில் ஒரு பங்கு ஓடு. ஆகவே முட்டையை எண்ணாமல், உடைத்து எடை போடுங்கள். இருவர் சாப்பிட 200 கிராம் மைதாவும் 110 கிராம் முட்டையும் வேண்டும். இரண்டு முழு முட்டையுடன் ஒரு மஞ்சள் கருவைக் கூட்டினால் ஏறத்தாழ இந்த அளவு வந்துவிடும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் கிரானைட் மேடைக்குக் குறைவில்லை என்பதால் பாத்திரம் தேவையில்லை. மைதாவைக் குவித்து, நடுவில் அகலமாகக் குழி செய்து, முட்டையை அதில் ஊற்றி, முள்கரண்டியால் அடித்தபடியே உள்விளிம்பு மாவைச் சிறிது சிறிதாக இழுத்துச் சேர்க்க வேண்டும்; அவசரப்பட்டுக் கரையை உடைத்தால் முட்டை மேடை ஓரம்வரை ஓடும்.

[காட்சி: உள்ளங்கையின் அடிப்பகுதி மாவை முன்னோக்கித் தள்ளுகிறது]

பத்து நிமிடம் பிசைய வேண்டும். முதலில் சொரசொரப்பாகவும் முரடாகவும் இருக்கும் மாவு, தள்ளி, மடித்து, திருப்பித் தள்ளத் தள்ள வழவழப்பாகி, விரலால் அழுத்தினால் மெல்ல மேலெழும். கோதுமைப் புரதங்கள் ஈரத்தில் இணைந்து குளூட்டன் வலையாக மாறுவதே இதற்குக் காரணம். கோடையில் நம் பக்கத்து வறண்ட காற்று மேற்பரப்பை விரைவில் காயவைக்கும் என்பதால், வறட்சி தெரிந்தால் தண்ணீரை ஊற்றாமல் கையை மட்டும் நனைத்துக்கொண்டு பிசையுங்கள்.

பிசைந்ததைக் காற்றுப் புகாமல் மூடி, அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். பரோட்டா மாஸ்டர் உருண்டைகளை ஊறவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: இறுகிய குளூட்டன் தளர்ந்தால்தான் மாவு சுருங்காமல் விரியும். சமையல் குறிப்புகளில் ஒற்றை வரியில் கடந்துபோகும் இந்தக் காத்திருப்பை, என் கருத்தில், பிசைவதற்கு இணையாக மதிக்க வேண்டும்.

ராகியில் செய்யலாமா என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கேட்கத் தோன்றும். ராகியில் குளூட்டன் இல்லாததால், களிக்கு அருமையாக அமையும் அந்த மாவு இங்கே தாளாக நீளாமல் கிழியும். மைதாவில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் ராகியாக மாற்றிப் பார்க்கலாம்.

[காட்சி: மாவுத்தாளின் அடியில் விரல்களின் நிழல் தெரிகிறது]

மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மூடிவைத்து, மற்றதைச் சப்பாத்திக் கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, கை நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக்குங்கள். மைதா தூவி, தளர்வாக மடித்து, நாடாவாக வெட்டுங்கள். டாலியாடெல்லே என்னும் இந்த நாடா வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று போலோஞா வர்த்தக சபையில் 1972-இல் பதிவே செய்திருக்கிறார்கள். வேகும்போது விரியும் என்பதால் சற்றுக் குறுகலாகவே வெட்டலாம்.

லிட்டருக்கு 10 கிராம் உப்புச் சேர்த்த கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும். மீதியை வடகம்போல மொட்டை மாடியில் காயவைக்க வேண்டாம். பச்சை முட்டை வெயிலில் கெடும். குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் வேகவைத்துவிடுங்கள்.